துப்பாக்கி ஜோக்குக்கு மன்னிப்பு வேண்டாம்

எனக்கு இடது காலில் போலியோ. தொடையிலிருந்து பாதம் வரை காலைத் தாங்கும் காலிப்பர் கருவி, கையில் ஊன்றுகோல். சென்னையில் நடக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடி நிகழ்ச்சிகளுக்குப் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “மேடையில உங்களை மாதிரி இருக்கிறவங்களைக் கிண்டல் பண்ணுவாங்களே, கோபம் வராதா?”

சில சமயம் வரும். பல சமயம் வராது. வரும்போது என்ன செய்தால் பலன் இருக்கிறது, என்ன செய்தால் வீண் என்பது இத்தனை வருடத்தில் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. ஒவ்வொரு சர்ச்சையிலும் நம் ஊரில் இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. ஒன்று, “ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கங்க” கட்சி. இன்னொன்று, “தூக்கி உள்ளே போடு” கட்சி. நான் இரண்டிலும் உறுப்பினர் இல்லை.

ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன அரங்கில் நடந்ததைச் சொல்கிறேன். காலை நீட்ட இடம் வேண்டும் என்பதால் நான் எப்போதும் முதல் வரிசைதான். அதில் ஒரு ஆபத்து உண்டு. பேசுகிறவர் பார்வையாளர்களை வம்புக்கு இழுக்க ஆரம்பித்தால் முதல் பலி முதல் வரிசை. காலிப்பரில் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு இருக்கும். உட்காரும்போது அந்த வளையத்தை மேலே தூக்கிவிட்டால்தான் கால் மடங்கும். காலை நீட்டினால் வளையம் தானாக இறங்கி, ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு பூட்டிக்கொள்ளும். அன்றைக்கு மேடையில் ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம். சரியாக அவன் ஒரு ஜோக்கை முடிக்கும் இடத்தில் என் முட்டி ‘டக்’ என்றது. அவன் அப்படியே உறைந்து நின்று, இரண்டு கையையும் மெதுவாக மேலே தூக்கினான்.

“யாருங்க அது, முதல் வரிசையில துப்பாக்கி லோட் பண்றது? ஜோக் அவ்வளவு மோசமாவா இருக்கு?”

அரங்கம் வெடித்தது. நானும்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

அப்புறம் அவன் குனிந்து என் காலைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. சமாளிக்க வேண்டுமே என்று, “பாருங்க, அண்ணனே இவ்வளவு கஷ்டப்பட்டு வந்து கைதட்டுறாரு. ரெண்டு காலும் நல்லா இருக்கிற நீங்க உம்முன்னு உட்கார்ந்திருக்கீங்க” என்றான். கைதட்டல் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. நான் ஆட்டோவில் வந்து இறங்கி, காபி குடித்துவிட்டு, ஜாலியாக உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கஷ்டமும் பட்டு வரவில்லை.

கடைசியில் அவனுடைய முக்கியமான ஐட்டம். கல்யாண வீட்டுப் பந்தியில் கால் ஊனமான ஒரு சித்தப்பா சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு வருவது. ஐந்து நிமிடமாவது அந்த நடையை நடந்து காட்டினான். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு இலையில் சாம்பார். அரங்கம் உருண்டது. நான் சிரிக்கவில்லை.

அந்த ஐந்து நிமிடத்தில் நான் வழக்கமாகக் கவனிக்கும் ஒன்று நடந்தது. என் வரிசையில் இருந்தவர்கள் சிரிப்பதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்தால் அவர்களுக்கு அனுமதி. சிரிக்காவிட்டால் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பார்கள். ஊனம் பற்றிய ஜோக் எங்கே வந்தாலும் இதுதான் நடக்கும். டிக்கெட் காசு கொடுத்துவிட்டு, ஒரு சமூகத்தின் சார்பாக முடிவு சொல்லும் நீதிபதியாகவும் வேலை பார்த்துவிட்டு வருகிறேன்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே டீக்கடையில் நிற்கும்போது அந்தப் பையன் தேடிக்கொண்டு வந்தான். “அண்ணா, சாரிண்ணா. அந்தத் துப்பாக்கி ஜோக்... நான் கவனிக்கலண்ணா.”

மன்னிப்புக் கேட்கிறான், அதுவும் அன்றைக்கு அவன் சொன்னதிலேயே நல்ல ஜோக்குக்கு!

“அது ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி. அதுக்கு எதுக்கு சாரி? சித்தப்பா நடையைப் பத்தித்தான் பேசணும்” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. “அது எல்லா ஊர்லயும் எடுபடும்ணா” என்றான்.

எடுபடும்தான். எனக்குப் பத்து வயதில் எங்கள் தெருவிலேயே எடுபட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பின்னால் இரண்டு பையன்கள் அதே நடையை நடப்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அதைத்தான் அவனிடம் சொன்னேன்: “தம்பி, துப்பாக்கி ஜோக் நீங்க எழுதினது. அந்த நொடியில உங்களுக்குத் தோணினது. இந்த நடை நீங்க எழுதினது இல்ல. எங்க தெருப் பையன்க எழுதி முடிச்சுட்டாங்க.”

அவன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசினோம். என் சொந்தக் கல்யாண வீட்டு அனுபவத்தைச் சொன்னேன். நான் சாம்பார் வாளியைத் தொட்டால் நாலு பேர் “ஐயோ நீங்க எதுக்குங்க” என்று ஓடிவந்து பிடுங்குவார்கள். அந்த இழுபறியில் அந்த நாலு பேரும்தான் சாம்பாரைக் கொட்டுவார்கள். கடைசியில் பந்தியில் எல்லோரும் என்னைப் பார்த்து “பாவம்” என்பார்கள். “இதை எடுத்துக்கங்க, இலவசம்” என்றேன். எடுத்துக்கொண்டானா என்றால், பாதி. சில மாதம் கழித்து வேறொரு மேடையில் பார்த்தபோது வாளியைப் பிடுங்கும் ஆட்கள் வந்திருந்தார்கள். நடையும் இருந்தது, கொஞ்சம் சுருங்கியிருந்தது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் இதுவரை செய்த விமர்சனங்களில் இவ்வளவு தூரம் போனது வேறு எதுவும் இல்லை.

ஏன் போனது என்று யோசித்தால், முதலில், எந்த ஜோக் என்று குறிப்பாகச் சொன்னேன். “உங்க நிகழ்ச்சி மனசைப் புண்படுத்துது” என்று சொல்லியிருந்தால், அவன் துப்பாக்கி ஜோக்கை எடுத்துவிட்டு நடையை வைத்துக்கொண்டிருப்பான். கலைஞர்களுக்குப் பெரும்பாலும் எது உறுத்தியது என்றே தெரிவதில்லை. காலிப்பரைத் தொட்டதே தப்பு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். எங்களைத் தொடவே கூடாது என்று முடிவெடுத்தால் அதுவும் ஒரு ஒதுக்கல்தான். ஹோட்டலில் இட்லி சரியில்லை என்றால் எந்த இட்லி, புளித்ததா வேகவில்லையா என்று சொன்னால்தானே மாஸ்டருக்குப் பயன்?

இரண்டாவது, நடுவில் கத்தவில்லை. இது கலாட்டாவுக்குப் பயந்து சொல்வது இல்லை. மேடையில் மைக் அவர் கையில் இருக்கிறது. கத்தினால் அது அவருக்கு அடுத்த பத்து நிமிடத்துக்கான சரக்கு. சிரிக்காமல் இருப்பது வேறு. சின்ன அரங்கில் முதல் வரிசையில் ஒருவர் சிரிக்காவிட்டால் மேடையில் இருப்பவருக்கு அது நன்றாகக் கேட்கும். பேசிப் பார்த்த கலைஞர்கள் எல்லோருமே இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது, முழுசாகப் பார்த்தேன். எங்கள் நண்பர்கள் வாட்ஸப் குழுவில் வாரம் ஒருமுறையாவது முப்பது வினாடி வீடியோ ஒன்று வரும், “உடனே புகார் கொடுங்கள்” என்ற தலைப்போடு. முழு வீடியோவைத் தேடிப் பார்த்தால் சிலவற்றில் கலைஞர் கேலி செய்வது எங்களை இல்லை, எங்களிடம் வந்து “கடவுள் ஒரு கதவை மூடினா...” என்று ஆரம்பிக்கும் ஆசாமியை. சிலவற்றில் துண்டைவிட முழுசு இன்னும் மோசமாக இருக்கும். பார்க்காமல் தெரியாது.

இங்கே ஒரு தீர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊனமுள்ளவர்களைக் கேலியாகக் காட்டியதாக ஒரு இந்திப் படத்தின் மீது நிபுன் மல்ஹோத்ரா என்ற மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர் வழக்குப் போட்டார். 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அதில் இரண்டு வகை நகைச்சுவையைப் பிரிக்கிறார். ஊனத்தோடு வாழ்வதைப் புரியவைக்கும், பழைய நினைப்புகளைக் கேள்வி கேட்கும் சிரிப்பு ஒன்று. ஊனமுள்ளவரை மட்டம் தட்டி இழிவுபடுத்தும் சிரிப்பு இன்னொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்றார். எங்களைப் பற்றி எடுக்கும்போது எங்களையும் சேர்த்துக்கொண்டு எடுங்கள், நோயைப் பற்றிச் சொல்வதை விசாரித்துச் சொல்லுங்கள் என்று படைப்பாளிகளுக்கு வழிகாட்டினார். ஆனால் படத்தின் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. அந்தக் கடைசிப் பகுதியை எங்கள் குழுவில் பலர் தோல்வி என்று நினைத்தார்கள். எனக்கு அது சரியான இடத்தில் நிறுத்தியதாகவே பட்டது.

நண்பர் ஒருவர் என்னோடு இதில் இன்றுவரை சண்டை போடுகிறார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு, பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. “சட்டம் இருக்கு, போடு கேஸை” என்பார். எதிரே நின்று ஒரு ஆளைக் குறிவைத்து அவமானப்படுத்துகிறவனுக்கு அது வேண்டும்தான். பேருந்தில் அப்படி நடந்தால் நானே போவேன். மேடைச் சிரிப்புக்கு அதை இழுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணம் பெருந்தன்மை இல்லை, கணக்கு.

2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனாவர் ஃபரூக்கியைக் கைது செய்தார்கள். மத உணர்வைப் புண்படுத்தினார் என்று புகார். உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்து அவர் வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. 2025 மார்ச்சில் மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைக் கேலி செய்து இன்னொரு ஸ்டாண்ட்-அப் கலைஞர் குணால் காம்ரா பாடிய பாட்டுக்காக, அது பதிவான மும்பை அரங்கத்தை அவருடைய கட்சிக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். காம்ரா அப்போது விழுப்புரம் பக்கம் வசித்ததால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து இடைக்கால முன்ஜாமீன் வாங்க வேண்டியிருந்தது. மனசு புண்பட்டது என்ற சொல் ஒரு அமைச்சரின் ஆட்கள் கையில் கிடைத்தால் நாற்காலிகள் பறக்கின்றன. என் கையில் கிடைத்தால் காவல் நிலையத்தில் உட்கார நாற்காலி கூடக் கிடைக்காது. அந்த ஆயுதம் யாருக்கு வேலை செய்யும் என்று எனக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. கைது, அடிதடி என்று ஆகிவிட்டால் ஜோக்கைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுவிடும். 2022 ஆஸ்கர் மேடையில், முடி உதிரும் நோய் இருக்கும் ஜேடா பிங்கெட்டின் தலையைப் பற்றி கிறிஸ் ராக் ஒரு ஜோக் சொன்னார். ஜேடாவின் கணவர், நடிகர் வில் ஸ்மித் எழுந்து போய் ராக்கை அறைந்தார். ஆஸ்கர் கொடுக்கும் அகாடமி ஸ்மித்துக்குப் பத்து ஆண்டு தடை போட்டது. உலகம் முழுக்க அந்த அறையைப் பற்றித்தான் பேசியது. நோயாளி ஒருவரின் தலையைக் கேலி செய்யலாமா என்பது ஓரமாகப் போய்விட்டது.

அதற்காக “ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கங்க” கட்சிக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் மீதுதான் எனக்கு எரிச்சல் அதிகம். முதுகுத் தண்டு தசைநார்ச் சிதைவு நோய்க்கான ஒரு ஊசி மருந்தின் விலை பதினாறு கோடி ரூபாய் அளவில் இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டிலும் அந்த மருந்துக்காகக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பணம் திரட்டிய பெற்றோரைப் பார்த்தோம். அந்த விலையை வைத்து ஸ்டாண்ட்-அப் கலைஞர் சமய் ரைனா ஒரு ஜோக் செய்தார். நோயாளிகளுக்கான அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஆகஸ்டில் அவரும் இன்னும் சில கலைஞர்களும் தங்கள் யூடியூப் சேனல்களிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு, இந்த நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளை நடத்தச் சொன்னது. நீதிமன்றம் சொல்லி மன்னிப்புக் கேட்பதில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஆனால் அந்த அமைப்பு பொதுவில் வாயைத் திறந்தது முழுக்க நியாயம். கலைஞருக்குப் பேச உரிமை இருக்கிறது என்றால், அதைக் கேட்டவருக்கும் “இது கேவலமா இருக்கு” என்று பேச அதே உரிமை இருக்கிறது. அப்படிச் சொன்னதும் “நகைச்சுவை உணர்வு இல்லாத ஆள்” என்று பட்டம் கட்டுகிறார்கள். ஊர் முழுக்கக் கேலி செய்கிறவருக்குத் தன்னைப் பற்றி ஒரு வரி தாங்கவில்லை.

டிவி வேறு கதை. அங்கே டீக்கடையில் நின்று பேச ஆள் கிடையாது. எங்கள் வீட்டில் இரவு காமெடி நிகழ்ச்சி ஓடும்போது நொண்டி வேஷம் வந்தால் அம்மா ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை எடுப்பார். “விளம்பரம் போட்டுட்டான்” என்பார். விளம்பரம் வந்திருக்காது. எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆண்கள் சேலை கட்டி வந்து திருநங்கைகளைக் கேலி செய்வது, கறுப்பாக இருப்பவரைக் கேலி செய்வது என்று பல வீடுகளில் பல கைகள் இப்படி ரிமோட்டைத் தேடியிருக்கும்.

அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு நாங்கள் சில பேர் சேர்ந்து சேனலுக்குக் கடிதம் எழுதினோம். முதல் கடிதம் உணர்ச்சிகரமாக இருந்தது, பதில் இல்லை. அடுத்த கடிதத்தில் நிகழ்ச்சியின் தேதி, எத்தனையாவது நிமிடம், சொன்ன வசனம், மேலே சொன்ன 2024 தீர்ப்பின் நகல் எல்லாவற்றையும் வைத்து, ஒரு மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் முத்திரையோடு அனுப்பினோம். இரண்டு வரியில் பதில் வந்தது, “கவனத்தில் கொள்கிறோம்” என்று. அந்தக் காட்சி இணையத்திலிருந்து காணாமல் போனது. மன்னிப்பு வரவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. “யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறோம்” என்ற வாசகத்தை வாங்கி என்ன செய்வது? ‘யாராவது’, ‘இருந்தால்’ என்று இரண்டு ஓட்டை வைத்த பாத்திரம் அது. மன்னிப்பைவிட, அடுத்த முறை எழுதும் அறையில் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்று கேட்பது மேல். கூப்பிட மாட்டார்கள், ஆனாலும் கேட்டு வையுங்கள்.

மேடை ஏறுகிற தம்பி தங்கைகள் என்னிடம் ஒரு சோதனை கேட்பதுண்டு. நான் சொல்வது இதுதான்: ஜோக்கிலிருந்து நொண்டி, குருடு, குண்டு, கறுப்பு என்ற அந்த ஒரு விஷயத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஏதாவது மிஞ்சுகிறதா? துப்பாக்கி ஜோக்கில் ஒரு சத்தம் இருந்தது, பயந்துபோன ஒரு கலைஞன் இருந்தான், மோசமான ஜோக்குக்குப் பார்வையாளர் சுட வருகிறார் என்ற நினைப்பு இருந்தது. என் ஊனம் அதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சித்தப்பா நடையில் நடையைத் தவிர ஒன்றுமே இல்லை.

இந்தச் சோதனையும் எல்லா இடத்திலும் செல்லாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பார்வையற்ற நிதி கோயல் மும்பையில் மேடை ஏறும்போது ஜோக் முழுவதும் பார்வையைச் சுற்றித்தான். அதை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அதில் மாட்டிக்கொள்வது அவரிடம் அசட்டுத்தனமாக நடந்துகொள்ளும் நாம். மறுபக்கம், நேர்த்தியாகக் கட்டிய, புதுசான, அபாரமாகச் சொன்ன ஜோக் ஒன்று விஷமாகவும் இருக்கலாம். “சரக்கு இல்லாதவன்தான் இப்படிச் செய்வான்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். திறமைசாலிகளும் செய்கிறார்கள். அப்போது விமர்சனம் இன்னும் கடினம், ஏனென்றால் நானே சிரித்துத் தொலைத்திருப்பேன். சிரித்த பிறகும் விமர்சிக்கலாம். சிரிப்பு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கிடையாது.

எனக்காக என்னைவிட அதிகமாகக் கோபப்படுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். துப்பாக்கி ஜோக்குக்குப் பின் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி “வெட்கமா இல்ல?” என்று அந்தப் பையனிடம் கேட்டதாக அப்புறம் தெரிந்தது. அதனால்தான் அவன் தப்பான ஜோக்குக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். அவர் நடைக்குச் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஜோக்குகளைப் பற்றி இவ்வளவு பேர் சண்டை போடுகிறோம், அரங்கத்தைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. சென்னையில் பாதி நிகழ்ச்சி ஏதாவது ஒரு கஃபேயின் மாடியில்தான் நடக்கிறது, லிஃப்ட் இல்லாமல். பொதுக் கட்டடங்களில் எங்களுக்கு வழி இருக்க வேண்டும் என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. அதற்காக எந்தக் கட்சியும் கிளம்பிப் பார்த்ததில்லை. ஆகவே என்னைப் போன்றவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன் அமைப்பாளருக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. லிஃப்ட் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், கழிப்பறை எந்த மாடியில், முதல் வரிசையில் ஓரத்து இருக்கை கிடைக்குமா என்று கேளுங்கள். தமிழில் சாவகாசமாகக் கேளுங்கள், எரிச்சல்பட்டால் படட்டும். பலர் கேட்டதால் ஒரு குழு தன் மாதாந்திர நிகழ்ச்சியைத் தரைத்தளத்தில் இருக்கும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது. அங்கே ஏசி சரியாக வேலை செய்யாது, ஒரு விசிறி எடுத்துக்கொண்டு போங்கள்.